போனஸ் என்று சொன்னது யார்: ஒரு பள்ளிக் கபடி நேரலை பற்றிய நிகழ்வு ஆய்வு

கொங்குப் பக்கம் ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் காலியாகிவிடும். பந்தல்காரர், சமையல்காரர், போட்டோகிராபர், மைக் செட்டுக்காரர் எல்லாருக்கும் வருமானம் படுத்துவிடுகிற மாதம் அது. மாரியம்மன் கோயில் விசேஷங்கள் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிகள் சூடு பிடிப்பதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒரு மைதானத்தில் கூடும், 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்துக் கபடி, கோ-கோ, வாலிபால், தடகளம் எல்லாம் நடக்கும், அங்கே ஜெயித்தவர்கள் மாவட்டம், மாநிலம் என்று மேலே போவார்கள். சும்மா கிடக்கிற மைக் செட்டும் கையில் நேரமும் இருக்கிற ஒருவர் இதற்குள் வந்து சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இது அப்படி வந்த ஒருவரைப் பற்றியது. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் அப்பா காலத்திலிருந்து மைக் செட் வைத்திருக்கிற குடும்பம். முதலில் மைதானத்தில் அறிவிப்பு மட்டும் செய்துகொண்டிருந்தார், அப்புறம் போனில் நேரலை, இப்போது வர்ணனையும் அவரே. பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் எல்லாரும் மைக்கண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக் கொடுக்கிறவன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ரைடு, அதாவது ஒருத்தி எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்புகிற ஒரு முறை. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி, அரையிறுதி, கடைசி ரைடு. அந்த அரை நிமிடத்தால் ஒரு நடுவருக்குக் கெட்ட பேர் வந்தது, ஒரு பிள்ளை சில நாள் பயிற்சிக்கே வராமல் இருந்தாள், மைக்கண்ணன் வேலை செய்கிற விதமே மாறிப்போனது. இப்போது எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஸ்டாண்டில் போனை மாட்டி நேரலை விட்டுக்கொண்டிருக்கிறார். இதே விஷயம் அவர்களுக்கும் நடக்கும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

காற்று, டேட்டா, டீ டைம்

அந்த ரைடுக்குப் போகும் முன் இவர் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரியாது.

முதல் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நேராகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இறங்குகிறது, இந்தப் பகுதியில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இங்கே மைக் முன்னால் பேசுகிறவனின் குரலும் சேர்ந்து பறக்கும். மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை இந்தக் காற்றுக்குத் தாங்காது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்குமே, அதில் மயிர் எழும்பிய ஃப்ளீஸ் துணியாகப் பொறுக்கி எடுத்து, மயிர்ப் பக்கம் வெளியே இருக்கும்படி மைக்குக்குக் குல்லாய் தைத்திருக்கிறார். காற்று அந்த மயிரில் சிதறிப்போவதால் மைக்கில் நேராக வந்து மோதுவதில்லை. சவுண்ட் மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடிச் சத்தத்தை வெட்டுகிற பட்டனையும் அழுத்திவிடுவார். அதற்கு மேலும் சத்தம் வந்தால் மைதானத்தின் மேற்குப் பக்கம் வேனை நிறுத்தி, வேன் மறைவில் உட்கார்ந்து பேசுவார்.

அடுத்தது டேட்டா. 720 என்கிற படத் தரத்தில் நேரலை போக வினாடிக்குச் சுமார் 4 மெகாபிட் சீராக மேலே ஏற வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 2 ஜிபி தருகிற சாதாரண ரீசார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது, காலை ஒன்பதுக்குத் தொடங்குகிற போட்டியோ பொழுது சாய்கிற வரை போகும். அதனால் இரண்டு கம்பெனி சிம், தனி டாங்கிள், சிக்னல் இளைத்தால் உடனே 480-க்கு இறக்குவது என்று ஒரு வழி வைத்திருக்கிறார். படம் மங்கினாலும் பரவாயில்லை, குரல் அறுந்துவிடக் கூடாது என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சிதான்.

காரணம், இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை, கேட்கிறார்கள். பிள்ளைகளின் அம்மாக்களில் நிறையப் பேர் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரிதான் வெளியே வர முடியும். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு போனைப் பார்க்க விடமாட்டார்கள். சில இடங்களில் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ள சூப்பர்வைசர் கண்டுகொள்ளாமல் விடுவார், மற்ற இடங்களில் டீ டைமுக்கு வெளியே வந்துதான் போனையே எடுப்பார்கள். இது தெரிந்த பிறகு மைக்கண்ணன் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டார். ஒன்று, ஒவ்வொரு ரைடு முடிந்ததும் யார் போனது, என்ன ஆனது, ஸ்கோர் என்ன என்று வானொலியில் சொல்கிற மாதிரி முழுசாகச் சொல்வது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த காலத்தில் கேட்கிறவருக்குப் படம் கிடையாது, எல்லாமே வாயால்தான் காட்டியாக வேண்டும். இவருக்கும் அதே நிலைமைதான். இன்னொன்று, காலை பதினோரு மணி டீ டைம் வந்ததும் மைதானத்தில் என்ன நடந்துகொண்டிருந்தாலும் இரண்டு நிமிடம் ஒதுக்கி அதுவரை நடந்த எல்லா ஆட்டத்தின் முடிவையும், நன்றாக ஆடிய பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்வார். சாயங்கால டீ டைமுக்கும் அதேதான். பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆட்டம் முடிந்து வியர்வையோடு ஓடி வந்து, "அண்ணா, டீ டைம்ல எம்பேரையும் ஒருக்கா சொல்லிருங்ண்ணா, அம்மா கேப்பாங்க" என்று நிற்பார்கள்.

அப்படிக் கேட்கிற பிள்ளையின் பெயரைத் தப்பாகச் சொன்னால் எப்படி இருக்கும்? அங்கேதான் உண்மையான பாடு. தனியார் பள்ளி அணிகள் திருப்பூரில் அடித்த ஜெர்சியில் எண்ணும் பேரும் போட்டுக்கொண்டு வரும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல நேரம் போன வருஷத்து அணியின் பனியனைப் போட்டு வருவார்கள், முதுகில் எண் உரிந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரே அணியில் இரண்டு 7 இருக்கும். பி.டி. சார் கொடுக்கிற பட்டியல் ஆங்கிலத்தில் இனிஷியலோடு இருக்கும், அதைப் படித்து வாயால் சொன்னால் அந்தப் பிள்ளைக்கே அது தன் பேர் என்று தெரியாது. ஆகவே மைக்கண்ணன் ஆட்டம் தொடங்கும் முன் வார்ம்-அப் நடக்கிற இடத்துக்குப் போய் ஒவ்வொருவரிடமும், "உன்னை எப்படிக் கண்ணு கூப்பிடுவாங்க?" என்று கேட்டு, பட்டியலில் தமிழில் எழுதி, பக்கத்தில் அடையாளம் குறித்துக்கொள்வார். ரிப்பன் நிறம், முழங்கால் பட்டை, இடதுகைப் பழக்கம், இப்படி ஏதாவது ஒன்று. பட்டப் பேர், குலப் பேர், எந்தத் தெருக்காரர் என்பதெல்லாம் மைக்கில் வராது. பள்ளிப் பேரும் பிள்ளை பேரும் மட்டும்தான். கபடியில் அணிக்கு ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே, ஆக ஒரு ஆட்டத்துக்கு 24 பேர், நாளெல்லாம் சேர்த்தால் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேசுகிற நேரத்தைவிடப் பேர் கேட்டு அலைகிற நேரம் அதிகம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளி ஆண்டு விழாவுக்கும் ஸ்போர்ட்ஸ் டேவுக்கும் ஒழுங்காகக் கிடைக்கும். குறுவட்டப் போட்டிக்கு நடத்துகிற பள்ளி மைக் வாடகை தரும், நேரலைக்கு என்று தனியாக யாரும் தரமாட்டார்கள். யூடியூப் வருமானமும் பெரிதாக ஒன்றும் இல்லை. இடைவேளையில் குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுப் போட்டால் அது நேரலையில் கேட்டு, காப்புரிமைப் புகார் வந்துவிடும். ஊர் ஜமாப் மேளக் குழு அடித்ததை அவரே பதிவு செய்து வைத்திருக்கிறார், இடைவேளைக்கு அதுதான் ஓடும்.

கடைசி ரைடு

பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில், ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைன், அங்கிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிர்ப்பக்கம் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ரைடர் ஒரு காலை போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்ற வேண்டும், அந்த நொடியில் பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மைதானம் செம்மண். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மதியத்துக்குள் கால் பட்டும் காற்றில் பறந்தும் கலைந்துபோயிருந்தது. இடைவேளையில் ஒருமுறை திரும்பப் போட்டார்கள், ஆனால் போனஸ் கோடு ஒரு கையகலத்துக்குப் பரவித்தான் கிடந்தது. நேரலை போன் நடுக்கோட்டுக்கு நேராக, பக்கக் கோட்டுக்கு வெளியே, ஆள் உயர ஸ்டாண்டில். ஒரே போனில் இரண்டு பக்கமும் தெரிய வேண்டுமென்றால் அதைவிட்டால் வேறு இடம் இல்லை.

கடைசி ரைடு. ரைடு போகிற அணி ஒரு புள்ளி பின்னால். எதிரில் ஆறு பேர். போனது பன்னிரண்டு பதிமூன்று ரைடு நன்றாகப் போயிருந்த பிள்ளை, நல்ல உயரம், கால் வீச்சும் அதிகம். எதிரணிக்காரிகள் அவளைத் தொடவிடாமல் பின்னாலேயே நின்றார்கள், ஒரு புள்ளி முன்னால் இருக்கிறார்களே, அவள் ஒன்றும் எடுக்காமல் திரும்பினாலே அவர்களுக்குப் போதும். முப்பது வினாடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது மூலையில் நின்றவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள், இவள் அந்த இடைவெளியில் காலை நீட்டினாள். அந்த நொடியில் மைக்கண்ணன், "போனஸ்! போட்டாச்சு போனஸ்! ஸ்கோர் டை!" என்று கத்தினார். மைதானம் எழுந்தது. பிள்ளை நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தாள், விசில் அடித்தது, அம்பயர் கையை ஆட்டி இல்லை என்று காட்டினார்.

இரண்டு மூன்று வினாடிக்குள் மைக்கண்ணன் திருத்திவிட்டார். "நடுவர் போனஸ் தரவில்லை, ஸ்கோர் மாறவில்லை, ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது" என்று தெளிவாகவே சொன்னார். ஆனால் அந்தத் திருத்தம் யார் காதிலும் ஏறவில்லை. தோற்ற பள்ளிப் பிள்ளைகள் களத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள், ஓர் அப்பா எங்கள் மேசைக்கே வந்து, "ஏனுங்க, நீங்களே போனஸ்னு சொன்னீங்கல்லங்க, அப்பறம் எப்படிங்க இல்லைன்னு ஆச்சு?" என்று கேட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே கேட்டார். அதற்கு அன்று எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கிளிப்

பொழுதுக்குள் நேரலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வினாடி வெட்டப்பட்டு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. வெட்டியவர் யார் என்று தெரியாது. கால் நீள்வதில் தொடங்கி, "ஸ்கோர் டை!" என்ற கூவலோடு முடிகிறது. திருத்தம் அதில் இல்லை. "வர்ணனைக்காரரே சொல்றாரு, அம்பயருக்குக் கண்ணு தெரியலையா" என்பது முதல் வரி. ராத்திரிக்குள் அது "எவ்வளவு வாங்குனாரு" என்று மாறியது. அம்பயர் வேறொரு பள்ளியின் பி.டி. ஆசிரியர், விடுமுறை நாளில் வந்து வெயிலில் நின்றவர். அவர் பள்ளிப் பேரும் வெளியே வந்துவிட்டது.

அதைவிட மோசமானது அடுத்த நாள் நடந்தது. யாரோ அந்த வீடியோவை நிறுத்தி, கால் நீட்டிய பிள்ளையைப் படமாக எடுத்துப் போட்டார்கள், கோடு தெரிய வேண்டும் என்றுதான். அதன் கீழே கோட்டைப் பற்றிப் பேச்சு நின்று, அவள் போட்டிருந்த அரை டிரவுசரைப் பற்றிப் பேச்சு வந்தது. கபடிக்கு அதைத்தான் போட முடியும். 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டிலேயே பெண்கள் கபடி சேர்ந்துவிட்டது, நம் ஊர்க் குழுவில் இருக்கிற சில பேருக்கு இன்னும் அது கண்ணில் படவில்லை. அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். அம்மா கம்பெனியிலிருந்து மைக்கண்ணனுக்குப் போன் செய்து, "தம்பி, எம் பொண்ணு ஆடுனதைக் கேக்கணும்னுதான் உங்க லிங்க வெச்சிருந்தேன், இப்ப அதை எடுத்துருங்க சாமி" என்றார். எனக்கு இதில் மிகவும் கனமாகப் பட்டது இந்தப் போன்தான்.

மைக்கண்ணன் அன்று ராத்திரி செய்தது மூன்று காரியம். முதலில் முழு நேரலையையும் பிரைவேட் ஆக்கினார். அழிக்கச் சொல்லி ஓரிருவர் கேட்டார்கள், அழிக்கவில்லை. அழித்தால் மறைக்கிறார் என்று ஆகிவிடும், கையில் மிச்சமிருப்பது அந்த வெட்டிய துண்டு மட்டும்தான் என்றும் ஆகிவிடும். இரண்டாவது, போன் மெமரியில் இருந்த அசல் பதிவைப் பென் டிரைவில் ஏற்றி, போட்டி நடத்திய பள்ளியின் ஹெச்.எம்.மிடம் கொடுத்து, இரண்டு அணி பி.டி. ஆசிரியர்களும் அம்பயரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். தோற்ற பள்ளியின் சார் தனக்கு மட்டும் அனுப்பச் சொன்னார், அதற்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை, "எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கறதா இருந்தா இப்பவே கொண்டாரேனுங்க சார்" என்று விட்டார். மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன்.

ஸ்மார்ட் போர்டில் போட்டு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். என்ன தெரிந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நேரலை விடுகிற எல்லாருக்கும் இது தேவைப்படும்.

போன் எடுத்தது வினாடிக்கு 30 ஃபிரேம். கால் நீண்டு, ஊன்றி, திரும்புவது மொத்தமே சில ஃபிரேம்களில் முடிந்துவிடுகிறது, அதில் இரண்டில் மூலைக்காரியின் தோள் காலை மறைக்கிறது. மறைவுக்கு முந்தின ஃபிரேமில் கால் கோட்டைத் தாண்டி நிற்பதாகத் தெரிகிறது, எல்லாரும் பிடித்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான். ஆனால் அந்த ஃபிரேமில் கால் இன்னும் தரையில் படவில்லை. அந்தரத்தில் இருக்கிற காலைச் சாய்வாகப் பார்த்தால் அது தரையில் எங்கே இருக்கிறதோ அதைவிடத் தள்ளித்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன் 2 மீட்டர் உயரத்தில், பக்கக் கோட்டிலிருந்து 4 மீட்டர் வெளியே, நடுக்கோட்டுக்கு நேராக நிற்கிறது. ரைடர் களத்தின் நடுவில் போனஸ் கோட்டருகே இருக்கிறாள். அவள் கால் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே இருந்தால், படத்தில் அது கோட்டுக்கு அந்தப் பக்கமாகச் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு சாண், தள்ளித் தெரியும். கோடே கையகலத்துக்குப் பரவிக் கிடந்த களத்தில் ஒரு சாண் என்பது போனஸுக்கும் வெறும் ரைடுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும். அந்த ஒரு சாண் தவறு வராமல் இருக்க வேண்டுமென்றால் போனைப் போனஸ் கோட்டுக்கு நேராகவே வைத்திருக்க வேண்டும்.

அம்பயர் நின்ற இடம் பக்கக் கோட்டோரம், கோட்டுக்குக் கிட்ட. அவர் சொன்னது வேறு விஷயம். முன்கால் தாண்டியதா என்பதில் தனக்குச் சண்டையே இல்லை, பின்கால் தரையில் இருந்தது, அதனால்தான் தரவில்லை என்றார். பின்காலைப் படத்தில் தேடினால் பாதி ஃபிரேமில் புழுதி. ஆக, படம் போனஸ் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோற்ற பள்ளியின் சார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னமும் போனஸ்னுதான் தோணுது, ஆனா இதை வெச்சு அவரைத் தப்புன்னு சொல்ல முடியாதுங்க" என்றார். முடிவு மாறவில்லை.

அப்படியானால் ஊர் முழுக்க எதை நம்பியது? என் கணிப்பில், படத்தை யாரும் நம்பவில்லை, குரலைத்தான் நம்பினார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் கிளிப்பை, ஆட்டம் தெரியாத இரண்டு மூன்று பேரிடம் காட்டினேன், தெரியவில்லை என்றார்கள். சத்தத்தோடு காட்டியபோது போனஸ்தானே என்றார்கள். மைக்கில் பேசுகிறவர் மேசை போட்டு, பட்டியல் வைத்து, நடுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மைதானத்து அறிவிப்பும் வர்ணனையும் ஒரே வாயிலிருந்து வருவதால் கேட்கிறவர்களுக்கு அவர் போட்டியை நடத்துகிறவர்களில் ஒருவர். அவர் சொன்ன பிறகு அம்பயர் மறுத்தால், கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருக்கும். டிவியில் புரோ கபடி வந்த 2014-க்குப் பிறகு வர்ணனை என்றாலே முந்திக்கொண்டு கத்துவது என்று ஆகிவிட்டது. அங்கே பல கேமரா இருக்கிறது, ரிவ்யூ இருக்கிறது, ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்குகிற பெரியவர்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆடுகிற மண் களத்தில் இதில் ஒன்றுமே கிடையாது.

மூன்றாவது காரியம் இதுதான். மைக்கண்ணன் தன் குரலிலேயே ஒரு ஆடியோ பதிவு செய்து அந்தக் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். "அந்தச் சத்தம் என்னுது. நடுவர் கை காட்டறதுக்கு முன்னாலயே நான் சொல்லிட்டேன். அவருகிட்ட தப்பு இல்லை. அந்தப் புள்ளை படத்தை வெச்சிருக்கறவங்க எடுத்துருங்க, நம்ம வீட்டுப் புள்ளைதான் அது." கிளிப் போன அளவுக்கு இது போகவில்லை, போகாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அம்பயர் அதைத் தன் பள்ளி ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார் என்று கேள்விப்பட்டோம். பிள்ளையின் வீட்டுக்கு அவள் பள்ளியின் பி.டி. டீச்சர் இரண்டு முறை போய்ப் பேசிய பிறகு அவள் மறுபடி வந்தாள். ஆடியோவுக்காக வந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த டீச்சருக்காக வந்தாள்.

அதற்குப் பிறகு

இப்போது மைக்கண்ணன் நடுவர் கை காட்டும் வரை வாயைத் திறப்பதில்லை. "கால் நீட்டுகிறாள், நடுவரைப் பார்ப்போம்" என்று நிறுத்துவார். ஒன்றிரண்டு வினாடி வெறும் காற்றுச் சத்தம்தான் போகும். முதலில் பிள்ளைகளுக்கே சப்பென்று இருந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. காதால் கேட்கிற அம்மாவுக்கும் அந்த இரண்டு வினாடி படபடப்பு கிடைக்கிறது, கூவினால் அது கிடைக்காது. நேரலை எப்படியும் பத்து வினாடிக்கு மேல் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது, இதில் யாரை முந்துவதற்கு அவசரம்?

பெண்கள் ஆட்டங்கள் எல்லாம் இப்போது அன்லிஸ்டட். தேடினால் வராது, பள்ளிகள் மூலமாகப் பெற்றோருக்கு மட்டும் லிங்க் போகும். சாட் மூடியிருக்கும். ஜூம் கிடையாது, களம் முழுக்கத் தெரிகிற மாதிரி அகலமாக ஒரே ஃபிரேம். லிங்க் கைமாறிப் போகத்தான் செய்யும், முழுசாகத் தடுக்க வழியில்லை, ஆனால் முகம் தெரியாத ஆள் வந்து வெட்டி எடுப்பது குறையும். பார்வைக் கணக்கு விழுந்துவிட்டது, அதனால் ஸ்பான்சர் பேனர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் விலகிவிட்டார். போனால் போகிறது என்று விட்டார்.

போனஸ் கோட்டுக்கு நேராக இரண்டாவது போன் வைக்கலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். இதில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. வைத்தால் எல்லா முடிவுக்கும் மேசைக்கு வந்து நிற்பார்கள், நேரலை மூன்றாம் நடுவராகிவிடும், அந்த அதிகாரத்தை எங்களுக்கு யாரும் தரவில்லை என்கிறார் அவர். சரிதான். ஆனால் பயிற்சிக்கு அந்தக் கோணம் ரொம்ப உதவும், நேரலையில் விடாமல் பதிவு மட்டும் செய்து போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து இரண்டு பள்ளிக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி. விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் தங்கள் காலைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளட்டுமே. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியல் விஷயத்தில்தான் அவர் பிடிவாதமாக இருக்கிறார். பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு தாள் அனுப்புகிறார். சான்றிதழில் உள்ள பேர் தமிழில், வீட்டில் கூப்பிடுகிற பேர், பனியன் எண், கடைசியில் ஒரு கட்டம்: பேரும் படமும் நேரலையில் வரப் பெற்றோர் சம்மதமா. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே வைத்து, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், கம்பெனியிலிருந்து வந்த அந்தப் போனுக்குப் பிறகு கேட்காமல் விட இவருக்கு மனசு வரவில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. விளையாட்டு இட ஒதுக்கீட்டில் பொறியியல் இடத்துக்கோ, அரசு வேலையின் 3 சதவீதத்துக்கோ விண்ணப்பிக்கும்போது சான்றிதழில் பேர் எழுத்து மாறியிருந்தால் படாதபாடு. இந்தத் தாள் நிரப்பும்போதே அந்தப் பிழை பல பள்ளிகளில் அகப்பட்டுவிடுகிறது.

தாள் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். டிக் இல்லாத பிள்ளை இருக்கிற ஆட்டத்தில் போன் படம் காட்டாது, குரல் மட்டும் போகும், அந்தப் பிள்ளையைப் பனியன் எண்ணால்தான் சொல்வார். அண்மையில் ஒரு கோ-கோ ஆட்டத்தில் ஒரு பள்ளியிலிருந்து தாளே வரவில்லை, முதல் பாதி முழுக்க 4, 9, 11 என்று எண்ணாகவே ஓடியது. இடைவேளையில் ஒன்பது பேரும் மேசையைச் சுற்றிக்கொண்டு, "எங்க பேரை ஏனுங்ண்ணா சொல்ல மாட்டீங்கறீங்க?" என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களே தங்கள் பி.டி. சாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் பைக்கின் சீட்டில் தாளை வைத்து நிரப்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சம்மதம் கேட்டு, ஹெச்.எம்.முக்கும் தகவல் சொல்லிவிட்டு வருவதற்குள் இரண்டாம் பாதியில் முதல் மூன்று பேர் ஓட உள்ளே போய்விட்டார்கள். மைக்கண்ணன் தாளை வாங்கி, மைக்கை மூடிக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, 4-இலிருந்து பேரோடு தொடங்கினார்.